பாஸ்பரஸ், கால்சியம், பி.டி.எச்.: டயாலிசிஸ் காலத்தில் எந்த மருந்தைத் தேர்ந்தெடுப்பது?

என் அப்பா டயாலிசிஸ் தொடங்கிய மூன்றாம் ஆண்டில் வந்த ஒரு ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். கால்சியம் 8.7. பாஸ்பரஸ் 7.2. கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகளின் ஹார்மோனான பி.டி.எச். 840. அதுவரை பொட்டாசியத்தையும் ஹீமோகுளோபினையும் பார்த்துவிட்டுத் தாளை மடித்து வைப்பதுதான் எங்கள் வழக்கம். அன்று சிறுநீரக மருத்துவர் கடைசி மூன்று வரிகளின் மேல் பேனாவை வைத்து, "பாஸ்பரஸ் மாத்திரையை மாற்றலாம். பி.டி.எச்.சுக்குத் தனி மருந்து தொடங்கலாம். அதற்கும் கட்டுப்படாவிட்டால் கழுத்தில் அறுவை சிகிச்சை. வீட்டில் பேசிவிட்டு வாருங்கள்" என்றார். பேசினோம். எதை வைத்து முடிவெடுப்பது என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை.

மருந்தை எழுதித் தருவது மருத்துவரின் வேலை. ஆனால் அவர் இரண்டு மூன்று வழிகளைக் காட்டிக் கேட்கும்போது பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம். அந்தப் பதிலுக்கு உதவும் என்றுதான் இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பி.டி.எச். என்ற பெரிய எண்ணைப் பார்த்துப் பயந்து அதைக் குறைக்க ஓடுவது தவறு. முதலில் பாஸ்பரஸ், அடுத்து கால்சியத்தின் உண்மையான அளவு, அதன் பிறகே பி.டி.எச். இந்த வரிசையில் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஏன் இந்த வரிசை? சிறுநீரகம் பழுதானால் பாஸ்பரஸ் உடம்பில் தேங்குகிறது. அதை எப்படியாவது வெளியே தள்ள வேண்டும் என்று எலும்புச் செல்கள் எஃப்.ஜி.எஃப். 23 என்ற ஹார்மோனை அதிகமாகச் சுரக்கின்றன. அந்த ஹார்மோனோ, சிறுநீரகம் தயாரிக்கும் கால்சிட்ரையாலைக் குறைத்துவிடுகிறது. கால்சிட்ரையால் என்பது உடம்பில் வேலை செய்யும் வடிவத்துக்கு வந்த வைட்டமின் டி. அது குறைந்தால் குடல் கால்சியத்தைச் சரியாக உறிஞ்சாது. ரத்தத்தில் கால்சியம் இறங்கப் பார்க்கும். கழுத்தில், தைராய்டுக்குப் பின்புறம், அரிசி மணி அளவில் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் இருக்கின்றன. கால்சியம் சற்றே இறங்கினாலும் அவை உணர்ந்து பி.டி.எச். ஹார்மோனைச் சுரக்கும். அந்த ஹார்மோன் எலும்பைக் கரைத்துக் கால்சியத்தை ரத்தத்துக்குக் கொண்டுவரும். கால்சியத்தோடு எலும்பிலிருக்கும் பாஸ்பரஸும் சேர்ந்தே வரும். நல்ல சிறுநீரகமாக இருந்தால் அந்தப் பாஸ்பரஸைச் சிறுநீரில் அனுப்பிவிடும். பழுதான சிறுநீரகத்தில் அது மறுபடியும் தேங்கும். சுற்று முதலிலிருந்து தொடங்கும்.

ஆக, இந்த மூன்றில் ஒன்றை மட்டும் தொட்டு மற்ற இரண்டையும் அசைக்காமல் விடும் மருந்து கிடையாது. ஒன்றைத் தொட்டால் மற்றவையும் ஏறும் அல்லது இறங்கும். எந்த மருந்து எதை ஏற்றுகிறது, எதை இறக்குகிறது என்பதைத்தான் ஒப்பிட வேண்டியிருக்கிறது.

முதலில் கணக்கு

டயாலிசிஸ் செய்தும் பாஸ்பரஸ் ஏன் ஏறுகிறது என்ற கேள்விக்கு ஒரு சின்னக் கணக்குப் போதும். ஒருவர் நாளொன்றுக்கு 1000 மி.கி. பாஸ்பரஸ் உள்ள உணவைச் சாப்பிடுகிறார், அதில் 60 சதவீதம் குடலில் உறிஞ்சப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு 4200 மி.கி. உள்ளே வருகிறது. நான்கு மணி நேர டயாலிசிஸ் ஒன்று ஏறக்குறைய 800 முதல் 1000 மி.கி. வரை வெளியேற்றும். வாரம் மூன்று முறை என்றால் 2400 முதல் 3000. வாரத்துக்கு 1200 மி.கி.யாவது மிச்சம் நிற்கும். அந்த மிச்சத்தைக் குடலிலேயே மடக்குவதற்குத்தான் பைண்டர் என்று எல்லோரும் சொல்லும் மாத்திரைகள். உணவிலுள்ள பாஸ்பரஸைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு வெளியேறிவிடுவது அவற்றின் வேலை.

உணவில் எதைக் குறைப்பது என்பதில் ஒரு விஷயத்தை மட்டும் சொல்கிறேன். டயாலிசிஸ் செய்பவருக்குப் புரதம் அவசியம். பாஸ்பரஸுக்குப் பயந்து அதைக் குறைத்தால் உடம்பு இளைத்துவிடும். குறைக்க வேண்டியது பதப்படுத்திய உணவிலும் பானங்களிலும் சேர்க்கப்படும் பாஸ்பேட் உப்புகளை. அவை ஏறக்குறைய முழுதுமாக உறிஞ்சப்படுகின்றன. தானியங்களிலும் பருப்புகளிலும் உள்ள பாஸ்பரஸில் பெரும்பகுதி ஃபைட்டேட் என்ற வடிவத்தில் இருப்பதால் அவ்வளவு எளிதில் உறிஞ்சப்படுவதில்லை. பொட்டலத்தின் பின்புறத்தில் 'பாஸ்பேட்' என்ற சொல் இருக்கிறதா என்று பார்ப்பது, ஒவ்வொரு உணவிலும் எத்தனை மில்லிகிராம் என்று தேடுவதைவிடப் பயனுள்ளது.

மாத்திரையை மாற்றுவதற்கு முன்னால் எங்கள் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அப்பா மாத்திரைகளை ஒன்றும் விடமாட்டார். சாப்பிட்டுக் கைகழுவி, செய்தித்தாளைப் பிரித்து, ஒரு மணி நேரம் கழித்துச் சின்ன டப்பாவைத் திறந்து ரத்த அழுத்த மாத்திரை, பைண்டர், இரும்புச்சத்து என எல்லாவற்றையும் உள்ளங்கையில் கொட்டி ஒரே மடக்கில் விழுங்குவார். சீட்டில் 'சாப்பாட்டுக்குப் பின்' என்று எழுதியிருந்தது. அவரும் சாப்பாட்டுக்குப் பின்தான் சாப்பிட்டார். டயாலிசிஸ் பிரிவில் இருந்த செவிலியர் ஒருவர்தான் பேச்சுவாக்கில், "ஐயா, முதல் கவளத்துக்கும் கடைசிக் கவளத்துக்கும் நடுவில் அது வயிற்றில் இருக்க வேண்டும்" என்றார். அன்று இரவு முதல் பைண்டரைத் தட்டின் ஓரத்தில் வைத்தேன். இரண்டு மாதத்தில் பாஸ்பரஸ் 7.2-லிருந்து 6.1-க்கு வந்தது. புது மருந்து எதுவும் சேர்க்கவில்லை. மருந்தை மாற்றுவது பற்றிப் பேச உட்காரும் எந்தக் குடும்பமும் முதலில் இதைச் சரிபார்க்க வேண்டும் என்று கையைப் பிடித்துச் சொல்வேன்.

எந்த பைண்டர்?

ஒரு காலத்தில் அலுமினியம் ஹைட்ராக்சைடு கொடுத்தார்கள். பாஸ்பரஸை நன்றாகப் பிடித்தது. ஆனால் அலுமினியம் உடம்பில் சேர்ந்து மூளையையும் எலும்பையும் கெடுத்தது தெரிந்ததும் நீண்ட நாள் பயன்பாட்டிலிருந்து விலக்கினார்கள். இன்று உண்மையான போட்டி கால்சியம் கலந்த பைண்டருக்கும் கால்சியம் இல்லாத பைண்டருக்கும் இடையில்தான்.

கால்சியம் கார்பனேட், கால்சியம் அசிடேட் இரண்டும் எளிதில் கிடைக்கும், விலை குறைவு, பல ஆண்டுப் பழக்கம் உண்டு. கார்பனேட்டின் எடையில் 40 சதவீதம் கால்சியம். அசிடேட்டில் 25 சதவீதம். 1250 மி.கி. கார்பனேட் மாத்திரை ஒன்றை விழுங்கினால் 500 மி.கி. கால்சியம் உள்ளே போகிறது. ஒரு நாளைக்கு மூன்று என்றால் 1500. அமெரிக்க சிறுநீரக அறக்கட்டளை 2003-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பைண்டர் வழியாகச் செல்லும் கால்சியத்துக்கு வைத்த உச்சவரம்பே அதுதான். கார்பனேட்டுக்கு இன்னொரு குறை: வயிற்றில் அமிலம் இருந்தால்தான் நன்றாகக் கரையும். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையையும் சேர்த்து எடுப்பவருக்கு அதன் பலன் குறையும்.

உள்ளே போகும் கால்சியம் எல்லாம் எலும்பில் போய்ச் சேர்ந்தால் கவலை இல்லை. சிறுநீரக நோயாளிக்கு அது ரத்தக் குழாயின் சுவரிலும் இதய வால்விலும் படியக்கூடும். அதனால்தான் கேடிகோ என்ற பன்னாட்டு சிறுநீரக அமைப்பு 2017-இல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டுதலில், கால்சியம் பைண்டரின் அளவைக் கட்டுப்படுத்தச் சொல்கிறது.

செவலமர் அமெரிக்காவில் 1998-இல் அனுமதி பெற்றது. உடம்பில் உறிஞ்சப்படாத ஒரு பாலிமர். கால்சியமும் இல்லை, உலோகமும் இல்லை. கூடுதல் நன்மையாகக் கெட்ட கொலஸ்ட்ராலையும் குறைக்கிறது. ஆனால் 800 மி.கி. மாத்திரை பெரியது, உடைக்காமல் விழுங்க வேண்டும், வேளைக்கு இரண்டு மூன்று என்று நாளுக்கு ஆறு ஒன்பது வரை போகும். தண்ணீரை அளந்து குடிக்கும் நோயாளிக்கு அது எவ்வளவு பெரிய தொல்லை என்பது பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். மலச்சிக்கலும் வரும். விலையும் கூடுதல்.

இதன்படி செவலமர் எடுப்பவர்கள் அதிக நாள் வாழ வேண்டும் அல்லவா? அங்கேதான் நிதானம் தேவை. 2007-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், 2100-க்கும் மேற்பட்ட டயாலிசிஸ் நோயாளிகளில் கால்சியம் பைண்டர் எடுத்தவர்களுக்கும் செவலமர் எடுத்தவர்களுக்கும் ஒட்டுமொத்த இறப்பில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. ஜப்பானில் லாந்தனம் என்ற கால்சியம் இல்லாத இன்னொரு பைண்டரையும் கால்சியம் கார்பனேட்டையும் ஒப்பிட்டு 2021-இல் வெளியான ஆய்விலும் இதய நோய் நிகழ்வுகளில் வித்தியாசம் இல்லை. ஆகவே கால்சியம் பைண்டர் எடுக்கும் ஒருவர், விலை கூடிய மாத்திரை வாங்க முடியவில்லையே என்று குற்ற உணர்வு கொள்ள வேண்டியதில்லை. கால்சியம் அளவு குறைவாக இருந்து, ரத்தக் குழாயில் படிவும் இல்லை என்றால் கால்சியம் பைண்டர் நல்ல தேர்வு. அளவை மீறாமல் இருந்தால் போதும்.

லாந்தனம் கார்பனேட்டை மென்று சாப்பிட வேண்டும். எண்ணிக்கை குறைவு என்பது அதன் பலம். பல் இல்லாதவருக்கும் சரியாக மெல்லாதவருக்கும் ஒத்துவராது. இரும்பு கலந்த பைண்டர்களில் சுக்ரோஃபெரிக் ஆக்ஸிஹைட்ராக்சைடும் மெல்லும் மாத்திரைதான்; மலம் கறுப்பாகப் போகும், முன்னதாகச் சொல்லி வைக்காவிட்டால் ரத்தப்போக்கு என்று பயந்துவிடுவார்கள். ஃபெரிக் சிட்ரேட்டில் உள்ள இரும்பு உடம்பிலும் சேரும். ரத்தசோகை உள்ளவருக்கு அது லாபம், ஏற்கெனவே இரும்பு அதிகம் உள்ளவருக்கு ஆகாது. டெனபானர் என்ற மாத்திரைக்கு அமெரிக்காவில் 2023-இல் இந்தத் தேவைக்காக அனுமதி கிடைத்தது. அது பாஸ்பரஸைப் பிடிப்பதில்லை. குடல் வழியாகப் பாஸ்பரஸ் நுழையும் பாதையை இறுக்குகிறது. வயிற்றுப்போக்கு அதன் முக்கியத் தொல்லை. பைண்டர் மட்டும் போதாதவருக்குக் கூடுதலாகக் கொடுப்பது அது.

8.7 என்ற எண் சொல்லாதது

எங்களை நாங்களே ஏமாற்றிக்கொண்ட இடம் கால்சியம். 8.7 என்பது இயல்பளவின் கீழ்ப்பகுதி. எனவே கால்சியம் பைண்டரைக் கூட்டினால் பாஸ்பரஸும் குறையும், கால்சியமும் ஏறும், பி.டி.எச்.சும் இறங்கும் என்று நாங்களே முடிவு கட்டிவிட்டோம். அதே ரிப்போர்ட்டில் ஆல்புமின் என்ற ரத்தப் புரதம் 3.0 என்று இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. ரத்தத்திலுள்ள கால்சியத்தில் ஒரு பகுதி ஆல்புமினோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஆல்புமின் குறைந்தால் மொத்தக் கால்சியமும் குறைவாகத் தெரியும். ஆல்புமின் 4-க்குக் கீழே இறங்கும் ஒவ்வொரு ஒன்றுக்கும் 0.8 கூட்ட வேண்டும் என்பது வழக்கமான திருத்தம். கூட்டினால் அப்பாவின் கால்சியம் 9.5. குறைவே இல்லை. சிறுநீரக நோயில் இந்தத் திருத்தம் எப்போதும் துல்லியமாக இருப்பதில்லை என்பதால், சந்தேகம் வந்தால் எதோடும் ஒட்டாமல் இருக்கும் அயனிக் கால்சியத்தை நேரடியாக அளப்பது நல்லது.

மருத்துவர் வயிற்றைப் பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். முதுகெலும்புக்கு முன்னால், பெருந்தமனி ஓடும் இடத்தில், சுண்ணாம்புக் கோடு இழுத்தது போல வெள்ளைத் தடம். கருப்பு வெள்ளைப் படத்தை வெளிச்சத்தில் பிடித்து அவர் காட்டியபோது அப்பா ஒன்றும் பேசவில்லை. எனக்குத்தான் நெஞ்சு அடைத்தது. கால்சியம் பைண்டரைக் குறைத்துச் செவலமருக்கு மாறுவது என்று அங்கேயே முடிவானது.

பி.டி.எச்.சை இறக்கும் மருந்துகள்

முதலில் இலக்கு. ஆரோக்கியமானவரின் அளவுக்கு இறக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். டயாலிசிஸ் நோயாளிக்கு அது ஆபத்து. பி.டி.எச். மிகவும் இறங்கினால் எலும்பு தன்னைப் புதுப்பித்துக்கொள்வதை நிறுத்திவிடும். அப்படிச் செயலற்ற எலும்பால் கால்சியத்தை வாங்கிக்கொள்ளவும் முடியாது. கேடிகோ சொல்லும் வரம்பு, இயல்பளவின் உச்சத்தைப்போல 2 முதல் 9 மடங்கு. ஆய்வகத்தின் உச்சம் 65 என்றால் 130 முதல் 585 வரை. ஆய்வகத்துக்கு ஆய்வகம் அளவீடு மாறும். எனவே ஒரே இடத்தில் பார்த்து, அது ஏறிக்கொண்டே போகிறதா, நிலையாக நிற்கிறதா என்று கவனிக்க வேண்டும். ஒரு தடவை 700 வந்ததற்காக மருந்தைக் கூட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

இங்கே இரண்டு வழிகள். கால்சிட்ரையால், ஆல்ஃபாகால்சிடால், பாரிகால்சிட்டால் ஆகியவை வைட்டமின் டி வகை. பி.டி.எச்.சைக் குறைக்கும், ஆனால் கால்சியத்தையும் பாஸ்பரஸையும் ஏற்றும். பாரிகால்சிட்டாலில் அந்த ஏற்றம் குறைவாக இருக்கும் என்ற எதிர்பார்ப்பில்தான் அது வந்தது. அதிலும் முழுதாக இல்லாமல் போகவில்லை. இரண்டாவது வழி சினகால்செட். பாராதைராய்டு சுரப்பியில் கால்சியத்தை உணரும் ஏற்பியைத் தூண்டி, 'போதுமான கால்சியம் இருக்கிறது' என்று நம்பவைக்கும். பி.டி.எச். குறையும், கூடவே கால்சியமும் பாஸ்பரஸும் இறங்கும். வைட்டமின் டி ஏற்றுவதை இது இறக்குகிறது என்பதால், பலருக்கு இரண்டையும் சின்ன அளவில் சேர்த்துத் தருகிறார்கள்.

தேர்வு எளிது என்று சொல்ல முடியாவிட்டாலும் திசை தெளிவு. கால்சியம் குறைவு, பாஸ்பரஸ் கட்டுக்குள் என்றால் வைட்டமின் டி வகை. கால்சியம் உயர்ந்து, பாஸ்பரஸும் உயர்ந்திருந்தால் சினகால்செட். திருத்திய கால்சியம் 8.4-க்குக் கீழே இருந்தால் சினகால்செட்டைத் தொடங்கக் கூடாது. தொடங்கிய ஒரு வாரத்துக்குள் கால்சியத்தைப் பார்க்க வேண்டும். மாத்திரை எடுத்து 12 மணி நேரமாவது கழிந்த பிறகே பி.டி.எச்.சுக்கு ரத்தம் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பொய்யாகக் குறைந்து காட்டும்.

இதிலும் பெரிய நம்பிக்கை வைத்துவிடக் கூடாது. 2012-இல் வெளியான ஓர் ஆய்வு 3883 டயாலிசிஸ் நோயாளிகளைப் பின்தொடர்ந்தது. சினகால்செட் எடுத்தவர்களுக்கு இறப்பும் இதய நோய் நிகழ்வுகளும் தெளிவாகக் குறைந்தன என்று நிறுவ முடியவில்லை. ஆனால் கழுத்து அறுவை சிகிச்சை தேவைப்பட்டவர்கள் குறைந்தார்கள். குமட்டலும் வாந்தியும் இந்த மருந்தின் பெரிய தடை. அப்பாவுக்கு முதல் பத்து நாள் சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டியது. இரவுச் சாப்பாட்டோடு 30 மி.கி. என்று மாற்றிய பிறகு பொறுத்துக்கொண்டார். வாந்தியால் மாத்திரையையே கைவிடுபவர்களுக்கு எட்டெல்கால்செடைட் என்ற ஊசி இருக்கிறது. டயாலிசிஸ் முடியும்போது குழாயிலேயே போட்டுவிடுவார்கள். மாத்திரை எண்ணிக்கை குறையும். கால்சியம் மிகவும் இறங்கும் ஆபத்து அதில் கூடுதல்.

எப்போது அறுவை சிகிச்சை?

சுரப்பிகள் பல ஆண்டுகள் தூண்டப்பட்டால் வீங்கி, முடிச்சு முடிச்சாக வளரும். அந்த நிலையில் அவற்றில் வைட்டமின் டி ஏற்பிகளும் கால்சியத்தை உணரும் ஏற்பிகளும் குறைந்துவிடும். பிறகு எந்த மருந்தும் அவற்றின் காதில் ஏறாது. அல்ட்ராசவுண்டில் சுரப்பி ஒன்று ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தெரிந்தால் இப்படி ஆகியிருக்க வாய்ப்பு அதிகம். பி.டி.எச். மாதக்கணக்கில் 800-க்கு மேல் நின்று, கால்சியமோ பாஸ்பரஸோ மருந்துக்கு அடங்காமல், எலும்பு வலியும் தீராத அரிப்பும் இருந்தால் அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடுவதில் லாபம் இல்லை என்பது என் எண்ணம். கத்திக்குப் பயந்து இரண்டு ஆண்டு மருந்தைக் கூட்டிக்கொண்டே போகும்போது இழப்பது எலும்பை.

மூன்றரைச் சுரப்பிகளை எடுத்துவிட்டு அரையை விடுவது ஒரு முறை. நான்கையும் எடுத்து ஒரு துண்டை முன்கையில் பதிப்பது இன்னொன்று. மீண்டும் வளர்ந்தால் கழுத்தை மறுபடி திறக்காமல் கையிலேயே சரிசெய்யலாம் என்பது பின்னதன் வசதி.

அப்பாவுக்கு அடுத்த நாற்காலியில் டயாலிசிஸ் செய்துகொள்ளும் அக்கா ஒருவர் இந்த அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். "வலி பெரிதில்லை தம்பி. இரண்டாம் நாள் உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வது போல இருந்தது. விரல்கள் தாமாக மடங்கிக்கொண்டன. அதற்குத்தான் பயந்தேன்" என்றார். பி.டி.எச். திடீரென்று நின்றதும், பல ஆண்டுகளாகக் கால்சியத்தை இழந்த எலும்பு ரத்தத்திலிருப்பதை எல்லாம் வேகமாக இழுத்துக்கொள்கிறது. பசித்த எலும்பு என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். முதல் இரண்டு மூன்று நாட்கள் நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை கால்சியம் பார்க்கும் வசதி, நரம்பு வழியாகக் கால்சியம் ஏற்றும் ஏற்பாடு, முன்கூட்டியே தொடங்கிய கால்சிட்ரையால் ஆகிய மூன்றும் உண்டா என்று கேட்டுவிட்டே நாள் குறிக்க வேண்டும். அந்த அக்காவுக்கு வாரக்கணக்கில் கை நிறையக் கால்சியம் மாத்திரை தேவைப்பட்டது. ஆனால் இரவெல்லாம் சொறிந்துகொண்டிருந்த அரிப்பு சில நாட்களில் நின்றதைச் சொல்லும்போது அவர் முகம் மலர்ந்தது.

மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருப்பவர்கள் இதை மாற்று அறுவை சிகிச்சைக்கு முன்பே பேசித் தீர்ப்பது நல்லது. முற்றிய நிலையில் இருக்கும் சுரப்பிகள் புதுச் சிறுநீரகம் வந்த பிறகும் அடங்குவதில்லை. அப்போது கழுத்தில் கைவைத்தால் புதுச் சிறுநீரகத்தின் செயல்பாடும் சற்று இறங்கக்கூடும். டயாலிசிஸுக்கு இன்னும் வராதவர்களுக்கோ நிலைமை வேறு: பி.டி.எச். கொஞ்சம் ஏறியதற்காகவே கால்சிட்ரையால் தொடங்க வேண்டாம் என்று 2017-இன் வழிகாட்டுதல் சொல்கிறது. அதிகமான பாஸ்பரஸ், குறைந்த கால்சியம், வைட்டமின் டி பற்றாக்குறை ஆகியவற்றைச் சரிசெய்த பிறகும் பி.டி.எச். தொடர்ந்து ஏறினால்தான் அந்தக் கேள்வி.

அப்பாவுக்கு இப்போது செவலமர் வேளைக்கு இரண்டு, இரவில் சினகால்செட், வாரத்தில் மூன்று நாள் மிகக் குறைந்த அளவில் கால்சிட்ரையால். சென்ற மாதம் பாஸ்பரஸ் 5.3, திருத்திய கால்சியம் 9.1, பி.டி.எச். 520. கால்சியமும் பாஸ்பரஸும் மாதம் ஒருமுறை, பி.டி.எச். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்கிறோம். அடுத்தடுத்த இரண்டு பரிசோதனைகளில் அது 600-ஐத் தாண்டினால் கழுத்துக்கு அல்ட்ராசவுண்ட் என்று மருத்துவரோடு பேசி, ரிப்போர்ட் கோப்பின் முதல் பக்கத்தில் தேதியோடு எழுதி வைத்திருக்கிறேன். அந்த வரியின் கீழே அப்பாவும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.